குற்றத்துக்குப் பிந்தைய மனச் சிகிச்சை: பெங்களூரில் துணை நிற்பவருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்த தமிழர் ஒருவர் குற்றத்துக்கு ஆளானால், முதலில் அவர் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் காவலரோ வழக்கறிஞரோ அல்லர். அறைத்தோழி, பக்கத்து வீட்டு அக்கா, உடன் வேலை செய்பவர், செய்தி கேட்டு இரவு பஸ் பிடித்து வந்து இறங்கிய அண்ணன் என்று யாரோ ஒருவர்தான். இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது. சங்கிலிப் பறிப்பு, அடிதடி, கணவனின் வன்முறை, பாலியல் தாக்குதல், இணைய மோசடி என எந்தக் குற்றமானாலும், மனச் சிகிச்சை வரை பாதிக்கப்பட்டவரைக் கொண்டு சேர்ப்பதற்கும், அதற்கிடையில் புதிய காயம் எதுவும் படாமல் பார்த்துக்கொள்வதற்கும் என்னென்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தன் உடலும் பொருளும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை என்ற உறுதியைத்தான் குற்றம் ஒருவரிடமிருந்து பறிக்கிறது. ஆகவே முடிவெடுக்கும் உரிமையைச் சிறிது சிறிதாக அவர் கையில் திருப்பித் தருகிற எந்தச் செயலும் சிகிச்சையின் பகுதியாகிவிடுகிறது. அவருக்காக நாமே முடிவெடுத்துவிடும் செயல், எவ்வளவு அன்போடு செய்தாலும், சிகிச்சைக்கு எதிராகத்தான் போகிறது. கீழே வரும் படிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: ஆபத்து ஓய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

தீங்கு செய்தவர் இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கும்போது மனச் சிகிச்சை பலன் தராது. அவர் அதே வீட்டில் இருக்கிறாரா, அதே தெருவிலா, அதே அலுவலகத்திலா, அல்லது கைப்பேசி வழியாக இன்னும் மிரட்டுகிறாரா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். உடனடி ஆபத்துக்கு 112; பெண்களுக்கான உதவிக்கு 181; குழந்தைகளுக்கு 1098. வீட்டு வன்முறையில் ‘சகி’ என்று அழைக்கப்படும் ஒன் ஸ்டாப் சென்டரை நாடலாம். மருத்துவம், காவல் உதவி, சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவற்றை ஓரிடத்தில் தருவதற்காகவே அது அமைக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வெளியேறினால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில் அடி வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு, நீதிமன்றம் பாதுகாப்பு ஆணையும் வசிப்பிட ஆணையும் பிறப்பிக்க முடியும் என்ற தகவலே பாதி தெம்பைத் தரும்.

உடல் காயம் இருந்தால் மருத்துவமனைதான் முதலிடம். பாலியல் தாக்குதலுக்குப் பின் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நேரம் செல்லச் செல்ல அதன் பயன் குறைகிறது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இதே அவசரம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவின்படி, பாலியல் வல்லுறவுக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாமே கட்டணமின்றி முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப அவற்றுக்கு உரிமை இல்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும் என்பதை மட்டும் பாதிக்கப்பட்டவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே திடீரென்று காக்கிச் சட்டையைப் பார்த்து அவர் அதிர்ச்சி அடையக் கூடாது.

கைப்பேசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆத்திரத்தில் மிரட்டல் செய்திகளை எல்லாம் அழித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அழிக்கக் கூடாது, அவை சாட்சியம். இருப்பிடத்தைப் பகிரும் வசதி, கணவருக்கோ முன்னாள் காதலருக்கோ தெரிந்த கடவுச்சொற்கள், இருவருக்கும் பொதுவான மின்னஞ்சல் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்த்து மாற்றினால் போதும். அதையும் அவர் சம்மதத்துடன், அவர் பார்க்கும்படிதான் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: முதல் சில வாரங்கள்

“என்ன நடந்தது, முழுசாச் சொல்லு, மனசுல வெச்சுக்காத” என்று வற்புறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். அதிர்ச்சி அடைந்தவரை உடனே உட்காரவைத்து நிகழ்வை முழுவதும் சொல்லவைக்கும் ஒருமுறைச் சந்திப்புகளை மனநலத் துறையிலும் முன்பு பரவலாகச் செய்துவந்தார்கள். அவை பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குக் கேடாகவும் முடியலாம் என்றும் ஆய்வுகள் காட்டிய பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி என்ற எளிய முறையை: சூழலைப் பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் சாப்பாடு, உறக்கம், மாற்றுடை, விடுப்புக் கடிதம், வாடகை என்று கண்ணெதிரே இருக்கும் வேலைகளைக் கவனியுங்கள்.

தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுதல், அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே உடல் நடுங்குதல், எதிலும் ஒட்டாமல் மரத்துப்போதல், அர்த்தமற்ற கோபம் ஆகியவை முதல் வாரங்களில் இயல்பாகவே வரும். பலருக்கு இவை சிகிச்சை இல்லாமலே மெல்லக் குறைந்துவிடுகின்றன. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் குலைத்தால்தான் ‘பிடிஎஸ்டி’ எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று மருத்துவர் கண்டறிய இடமுண்டு. அதற்காக ஒரு மாதம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, நாள்கணக்கில் உறங்காமலும் உண்ணாமலும் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவ உதவி தேவை. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்; மொழித் தேர்வில் தமிழும் உண்டு.

“ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை?” என்ற கேள்வியை உறவினர் யாரும் கேட்காமல் தடுப்பது உங்கள் பொறுப்பு. பேராபத்தில் உடல் எதிர்த்துப் போராடவோ ஓடவோ செய்வதைப் போலவே, அசைவற்று உறைந்துபோவதும் உண்டு. அந்த உறைதல் மூளையின் தானியங்கிச் செயல். அதில் விருப்பத்துக்கோ சம்மதத்துக்கோ இடமே இல்லை. பின்னாளில் சிகிச்சையின்போது பலரைக் குற்றவுணர்ச்சியில் ஆழ்த்துவது இந்த ஒரு விஷயம்தான். எனவே முதல் நாளிலேயே இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவைப்பது பேருதவி.

வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். டயசிபாம், அல்ப்ரசோலாம் வகை மாத்திரைகள் அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழக்கமாகும் அபாயமும் அவற்றில் உண்டு. மதுவுக்கும் இது பொருந்தும். ஆண்கள் குற்றத்துக்கு ஆளானால் ஆறுதல் என்ற பெயரில் நண்பர்கள் நேராக பாருக்கு அழைத்துப் போவதைப் பார்க்கிறோம். அது உதவி ஆகாது.

மூன்றாம் படி: ஒரே கதையைப் பத்து இடத்தில் சொல்ல விடாதீர்கள்

காவல் நிலையம், மருத்துவமனை, மாஜிஸ்திரேட், அலுவலகத்தின் உள்புகார்க் குழு, வழக்கறிஞர், பிறகு ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் ஒவ்வொரு சித்தப்பா என்று, பாதிக்கப்பட்டவர் அதே நிகழ்வைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்கிறது. துணை நிற்பவர் இதைக் குறைக்க முடியும். அவர் தயாராக இருக்கும் ஒரு நேரத்தில், அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, தேதி, நேரம், இடம், பெயர்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டால், புகாருக்கும் வழக்கறிஞருக்கும் அதையே பயன்படுத்தலாம். அவர் சொல்லாத எதையும் நீங்கள் நிரப்பக் கூடாது. நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே எழுதுங்கள். அதிர்ச்சியில் நினைவு துண்டு துண்டாக இருப்பது இயல்பு.

காவல் நிலையத்தில் மொழிச் சிக்கல் வரும். புகாரும் எஃப்.ஐ.ஆரும் பெரும்பாலும் கன்னடத்தில் எழுதப்படும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக்காட்டிய பிறகுதான் கையொப்பம் வாங்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. புரியும் மொழியில் விளக்கும்படி கேட்பதில் தவறே இல்லை. கன்னடம் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவர் நெருங்கிய உறவினராக இருப்பது நல்லதன்று: மாமனார் மொழிபெயர்க்கும்போது மருமகள் பாதியை விழுங்கிவிடுவார். எந்த நிலையத்தின் எல்லை என்ற தகராறு வந்தால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யும்படி கேட்கலாம். ஓசூரில் நடந்த குற்றத்துக்குப் பொம்மனஹள்ளியில் புகார் கொடுக்க முடியும். பாலியல் குற்றங்களில் புகாரைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். விசாரணைக்குச் சாட்சியாக நிலையத்துக்கு வரும்படி பெண்களையோ, 15 வயதுக்குக் குறைந்தவர்களையோ, 60 வயதைக் கடந்தவர்களையோ வற்புறுத்த முடியாது. அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்கும் கடமையும் காவல்துறைக்கு உண்டு.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது, பாதிக்கப்பட்டவர் வயது வந்தவராக இருந்தால், அவர் முடிவு. கொடுத்தே ஆக வேண்டும் என்று இழுத்துச் செல்வதும், மானம் போய்விடும் என்று தடுப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். மனச் சிகிச்சை பெற எஃப்.ஐ.ஆர். தேவையில்லை.

நான்காம் படி: சரியான சிகிச்சையாளரைத் தேடுவது

நம்மவர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் தகுதி உள்ளவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநல சமூகப் பணியாளர் குடும்பம், தங்குமிடம், வேலை, சட்ட உதவி ஆகியவற்றைச் சேர்த்துக் கவனிப்பவர். குற்றத்துக்கு ஆளானவருக்கு இவர் செய்யும் வேலை பெரிது. நாம்தான் அவரைக் கேட்டு வாங்குவதில்லை. ‘கவுன்சலர்’ என்ற பலகை வைக்கப் பல இடங்களில் ஒரு குறுகிய காலச் சான்றிதழே போதுமானதாக இருக்கிறது. நல்ல கவுன்சலர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிம்ஹான்ஸ் பொதுமக்களுக்கான மத்திய அரசு நிறுவனம். புறநோயாளி பதிவுக்குக் காலையிலேயே போவது நல்லது. முதல் நாள் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், கூட ஒருவர் போக வேண்டும். பதிவின்போதே தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஓசூர் சாலை வளாகத்துக்குள் நுழையவே கூச்சப்படுபவர்களுக்கு, பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் நடத்தும் நலவாழ்வு மையம் ஒரு மாற்று. பெண்கள் மீதான வன்முறையில் 1979 முதல் பணியாற்றும் விமோசனா, பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காகப் பணியாற்றும் என்ஃபோல்ட் ஆகிய அமைப்புகள் நகரத்தில் இருக்கின்றன. ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் நிறுவனமே சில இலவச ஆலோசனை அமர்வுகளைத் தரும். தொடக்கத்துக்கு அது உதவும். குற்றம் அலுவலகத்துக்குள் நடந்திருந்தால் மட்டும் வெளியில் தேடுவதே நல்லது.

மொழியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுபவர்கூட, பயத்தையும் அவமானத்தையும் தாய்மொழியில்தான் உணர்கிறார். ஆங்கிலத்தில் சொல்லும்போது நிகழ்வு வேறு யாருக்கோ நடந்ததைப் போலத் தள்ளி நிற்கும். சிலருக்குத் தொடக்கத்தில் அந்தத் தொலைவே பாதுகாப்பாகவும் இருக்கலாம். ஆகவே எந்த மொழி என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்த தமிழருக்குக் கன்னடமே எளிதாக இருக்கலாம். தமிழ் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் சென்னையில் இருக்கும் சிகிச்சையாளரோடு காணொலி வழியாகப் பேசுவது நல்ல ஏற்பாடு. அதற்குக் கதவடைத்த ஒரு தனியறை வேண்டும். பி.ஜி. விடுதியில் மூன்று பேர் தங்கும் அறையில் அது நடக்காது. நண்பர் வீடோ நிறுத்திவைத்த காரோ பரவாயில்லை. எக்காரணத்தைக் கொண்டும் அம்மாவையோ கணவரையோ குழந்தையையோ அமர்வில் மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்க வேண்டாம்.

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். குற்றத்துக்கு ஆளானவர்களோடு பணியாற்றிய அனுபவம் உண்டா? எந்த முறையில் சிகிச்சை தருகிறார்? தோராயமாக எத்தனை அமர்வு? கட்டணம் எவ்வளவு, குறைத்துக்கொள்ளும் வழி உண்டா? எதையெல்லாம் ரகசியமாக வைக்க முடியாது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராதவரிடம் போகாமலிருப்பது மேல். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியம் காக்கும் உரிமையைத் தந்தாலும் அதற்கு விலக்குகள் உண்டு. நீதிமன்றம் கேட்டால் குறிப்பேடுகளைத் தர நேரிடலாம். வழக்கறிஞரிடம் சொன்னதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு சிகிச்சையாளரிடம் சொன்னதற்கு இல்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, நடந்தது பாலியல் குற்றமானால், அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. இது சிகிச்சையாளருக்கு மட்டுமின்றி உங்களுக்கும் பொருந்தும். குழந்தையிடம் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, “உன்னைப் பாதுகாக்கச் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்” என்பது நேர்மையானது.

சில அறிகுறிகள் தென்பட்டால் தயங்காமல் வேறு ஒருவரிடம் மாறிவிட வேண்டும். முதல் நாளிலேயே முழுவதையும் விவரிக்கச் சொல்வது, “நீங்களும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்” என்பது, அடித்த கணவனோடு ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசுவது, மன்னித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று உபதேசிப்பது, ஒரே அமர்வில் குணமாக்கித் தருவதாக வாக்களிப்பது ஆகியவையே அந்த அறிகுறிகள். கோவிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் போவதால் ஆறுதல் கிடைத்தால் போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேயோட்டுபவரிடம் அழைத்துப் போவது மட்டும் இன்னொரு வன்முறை.

ஐந்தாம் படி: சிகிச்சை அறைக்குள் நடப்பது

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பாதுகாப்பை நிலைநாட்டுவது, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கிப்பது, மீண்டும் வாழ்க்கையோடு இணைவது. இன்றைக்கும் பல சிகிச்சையாளர்கள் ஏறக்குறைய இந்த வரிசையிலேயே போகிறார்கள். முதல் சில அமர்வுகளில் உறக்கம், மூச்சுப் பயிற்சி, பழைய காட்சி திடீரென்று மேலெழும்போது கால் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, கண்ணில் படும் பொருள்களுக்குப் பெயர் சொல்லி நிகழ்காலத்துக்குத் திரும்பும் உத்தி ஆகியவைதான் இருக்கும். “மூணு வாரமா மூச்சு விடச் சொல்லித்தான் தர்றாங்க” என்று அவர் அலுத்துக்கொண்டால் சிகிச்சை நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

அதன் பிறகு வரும் முறைகளில் ஆய்வுபூர்வமாக வலுவானவை சில. பெட்ரிசியா ரெசிக் உருவாக்கிய சிபிடி (காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி) முறை பொதுவாக 12 அமர்வுகள் கொண்டது. பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்களிடம்தான் அது முதலில் பயன்படுத்தப்பட்டது. “நான் அந்த ஆட்டோவில் ஏறியிருக்கவே கூடாது”, “இனி யாரையும் நம்ப முடியாது” என்பன போல உள்ளே இறுகிப்போன எண்ணங்களை எழுதவைத்து, அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று அவரையே ஆராயவைக்கும் முறை இது. எட்னா ஃபோவா உருவாக்கிய இன்னொரு முறையில், தவிர்த்துவந்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக, 8 முதல் 15 அமர்வுகளில், எதிர்கொள்ளப் பழக்குகிறார்கள். கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் முறையும் பரவலாகக் கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. எதைத் தொடங்கினாலும், ஏன் இந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சங்கிலியைப் பறிகொடுத்த பெண் அதன் பிறகு எந்தத் தெருவிலும் காலை நடைப்பயிற்சிக்குப் போகவில்லை என்றால், அந்தத் தவிர்ப்பை நோயின் பகுதியாகக் கொண்டு சிகிச்சையில் மெல்ல உடைக்கலாம். தாக்கியவன் ஜாமீனில் வந்து அதே தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் போகாமலிருப்பது வெறும் விவேகம். “பயத்தை வெல்ல வேண்டும்” என்று அங்கே அனுப்புவது சிகிச்சையின் பெயரால் செய்யும் தவறு. உண்மை நிலவரம் சிகிச்சையாளருக்குத் தெரியும்படி ஜாமீன், மிரட்டல், வீடு மாறியது போன்ற செய்திகளைப் பாதிக்கப்பட்டவர் மறக்காமல் சொல்ல நினைவூட்டுங்கள்.

நினைவுகளைத் தொடும் கட்டத்தில் சில வாரங்கள் கனவும் அழுகையும் கூடலாம். பாதியில் நிறுத்திவிடுபவர்கள் அதிகமாக நிறுத்துவது அப்போதுதான். அந்த வாரங்களில் அமர்வு நாளன்று மாலை அவருக்குச் சமையல், குழந்தை, அலுவலக வேலை என்று சுமை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். “இன்னைக்கு என்ன பேசினீங்க?” என்று கேட்க வேண்டாம். மருத்துவர் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளை எழுதினால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், சரியாகிவிட்டதென்று தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில்

குழந்தைக்கென்று தனிச் சிகிச்சை முறை இருக்கிறது. அதில் தீங்கு செய்யாத பெற்றோரும் பங்கெடுக்கிறார்கள். அதுவரை, குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு, பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்துவைப்பதை விட்டுவிட வேண்டும். அது குழந்தையைப் புண்படுத்துவதோடு, சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடவும் வழி செய்கிறது. போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் எக்காரணத்துக்கும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தைநலக் குழு வழியாகத் துணைநபர் ஒருவரை நியமிக்கும்படி கேளுங்கள். விசாரணை முடியும் வரை அவர் கூட வருவார்.

ஆறாம் படி: மறுபடியும் காயம் படாமல் காப்பது

ஒருமுறை குற்றத்துக்கு ஆளானவருக்கு மீண்டும் ஆளாகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வது கொடுமை. காரணத்தைப் புரிந்துகொள்வது தேவை. மரத்துப்போன மனம் ஆபத்தின் அறிகுறியைத் தாமதமாக உணர்கிறது. அல்லது எல்லாவற்றையும் ஆபத்தாகவே பார்ப்பதால் உண்மையானதைப் பிரித்தறிய முடிவதில்லை. உறக்கத்துக்காகத் தொட்ட மது, தனிமை, பணமுடை, யாராவது பாதுகாப்பாக இருந்தால் போதும் என்ற தவிப்பு ஆகியவற்றை மோப்பம் பிடித்து வருபவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பு அவர்களுடையதே. சிகிச்சையில் உறுதியாக மறுப்பதைப் பழகுவது, உடல் தரும் எச்சரிக்கையை மீண்டும் நம்பப் பழகுவது, ஆபத்து வந்தால் யாரை அழைப்பது, எங்கே போவது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது ஆகியவை இதற்காகத்தான் சேர்க்கப்படுகின்றன.

இணைய மோசடிக்கு இது மிகக் கச்சிதமாகப் பொருந்தும். பணத்தை இழந்தவர்களின் விவரங்கள் கைமாறுகின்றன. சில நாளில் “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் செலுத்துங்கள்” என்று வேறொரு குரல் அழைக்கும். போலீஸ் என்று சொல்லிக் காணொலி அழைப்பில் மிரட்டுபவர்கள் பேசும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் போனதும் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்துவிட்டு வங்கிக்கும் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரம் மிக முக்கியம். அதோடு, பணம்தானே போனது என்று இவர்களுக்கு ஆலோசனை தேவையில்லை என நினைப்பது தவறு. ஓய்வுபெற்ற தந்தை சேமிப்பை இழந்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் ஒடுங்கிப்போவது உயிராபத்து வரை போகக்கூடியது.

உறவினர்களால் வரும் காயமும் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவுவது, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்ற கட்டளை, தீங்கு செய்தவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்ற யோசனை, வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் மூலம் வரும் தூது ஆகியவற்றுக்கெல்லாம் பதில் சொல்லும் ஒற்றை ஆளாக, அவர் சம்மதித்தால், நீங்கள் நில்லுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இதை அந்தக் குழுவில் ஒருமுறை சொன்னால் போதும், பலர் அடங்கிவிடுவார்கள்.

ஏழாம் படி: இழப்பீடும் நீதிமன்றமும்

சிகிச்சைக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தேவை. சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவின் கீழ் மாநிலத்தின் இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் முடியும். விண்ணப்பத்தின் மீதான விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும். மாநில ஆணைக்குழு சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மருத்துவச் சீட்டு, மருந்து ரசீது, அமர்வுக் கட்டண ரசீது, வேலைக்குப் போகாத நாள்களின் கணக்கு என எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். சிகிச்சை முடிந்து, புது வேலையில் சேர்ந்து, திருமணமும் ஆன பிறகு ஒருநாள் சம்மன் வரும். அடங்கியிருந்த கனவுகள் மீண்டும் தொடங்கும். சம்மன் கைக்கு வந்த உடனேயே பழைய சிகிச்சையாளரிடம் ஒன்றிரண்டு அமர்வுகளுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். அரசு வழக்கறிஞரைச் சந்தித்து, மூடிய அறை விசாரணை, குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரை அல்லது காணொலி ஏற்பாடு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மிரட்டல் இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். முடிந்தால் விசாரணை நாளுக்கு முன்பே ஒருமுறை அவரை நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துச் சென்று, எந்த வாசல், எந்த அறை, எங்கே காத்திருப்பது, கழிப்பறை எங்கே என்று காட்டிவிடுங்கள். சாட்சி சொல்லும் நாளன்று அவர் கூண்டை விட்டு இறங்கி வரும்வரை அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருங்கள். மூடிய அறை விசாரணையென்றால் கதவுக்கு வெளியே இருங்கள்.